கோட்டிற்குக் கீழே வாழும் அறைகூவல்

கோட்டிற்குக் கீழே வாழும் அறைகூவல் என்பது, கடும் வறுமையில் உள்ள ஒருவர் ஒரு நாளில் செலவிடும் தொகையை மட்டும் கொண்டு ஐந்து நாட்கள் உண்டு, அதன் வழியாக வறுமை ஒழிப்புப் பணிகளுக்கு நன்கொடை திரட்டிய ஒரு பரப்புரை ஆகும். 'லிவ் பிலோ த லைன்' என்ற பெயரில் 2010ஆம் ஆண்டு ஆத்திரேலியாவில் தொடங்கிய இது, பின்னர் ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளுக்கும் பரவியது. இதில் பங்கேற்றோருக்கு உணவு, பானம் இரண்டிற்கும் சேர்த்து நாள் ஒன்றுக்கு ஆத்திரேலியாவில் 2 டாலரும், ஐக்கிய இராச்சியத்தில் 1 பவுண்டும், ஐக்கிய அமெரிக்காவில் 1.50 டாலரும் ஒதுக்கப்பட்டன.

தோற்றம்

ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரைச் சேர்ந்த ஓக்ட்ரீ என்னும் இளைஞர் அமைப்பும், குளோபல் பாவர்ட்டி புராஜெக்ட் என்னும் அமைப்பும் இணைந்து இந்தப் பரப்புரையை நடத்தின. இதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. முதலாவது, நண்பர்களிடமும் உறவினர்களிடமும் இருந்து நன்கொடை பெறுவது. இரண்டாவது, வறுமை பற்றிய புள்ளிவிவரத்தை ஐந்து நாள் பட்டறிவாக மாற்றி, அதைப் பற்றி மக்களைப் பேச வைப்பது. ஓக்ட்ரீ தான் திரட்டிய நிதியைக் கம்போடியா, கிழக்குத் திமோர், பப்புவா நியூ கினி முதலிய நாடுகளில் கல்விப் பணிகளுக்குப் பயன்படுத்தியது. ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பல தொண்டு நிறுவனங்கள் இதில் இணைந்தன. பங்கேற்பவர் தாம் விரும்பும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அதற்காக நிதி திரட்ட முடிந்தது. அமெரிக்க நடிகர் பென் அஃப்லெக் 2013இல் இதில் பங்கேற்றதால் இந்தப் பரப்புரை பரவலான கவனத்தைப் பெற்றது.

தொகை கணக்கிடப்பட்ட முறை

உலக வங்கி 2008இல் பன்னாட்டு வறுமைக் கோட்டை நாள் ஒன்றுக்கு 1.25 டாலர் என வரையறுத்தது. உலகின் மிக வறிய 15 நாடுகளின் தேசிய வறுமைக் கோடுகளின் சராசரியே இத்தொகை. இதன்படி 2005இல் ஏறத்தாழ 140 கோடிப் பேர் கோட்டிற்குக் கீழே வாழ்ந்தனர் எனக் கணக்கிடப்பட்டது.

இந்த 1.25 டாலர் பற்றிப் பரவலான ஒரு தவறான புரிதல் உண்டு. "ஏழை நாட்டில் ஒரு டாலருக்கு நிறையப் பொருள் கிடைக்குமே" என்பது அது. வறுமைக் கோடு வாங்கும் திறன் சமநிலை என்னும் முறையில் கணக்கிடப்படுவதால், இந்த வேறுபாடு ஏற்கெனவே ஈடு செய்யப்பட்டுவிட்டது. அதாவது, 2005இல் அமெரிக்கக் கடையொன்றில் 1.25 டாலருக்கு எவ்வளவு பொருள் கிடைத்ததோ, அந்த அளவுப் பொருளை மட்டுமே வாங்க முடிந்தவர் கோட்டில் நிற்கிறார். அறைகூவல் நடந்த ஆண்டுகளின் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்தி, உள்நாட்டு நாணயத்திற்கு மாற்றியபோதே 1 பவுண்டு, 2 ஆத்திரேலிய டாலர், 1.50 அமெரிக்க டாலர் என்னும் தொகைகள் கிடைத்தன.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. வறுமைக் கோட்டின் தொகை உணவுக்கு மட்டும் உரியதன்று. வீட்டு வாடகை, விறகு, உடை, மருந்து, பயணம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அறைகூவலில் பங்கேற்பவரோ முழுத் தொகையையும் உணவுக்கே செலவிடுகிறார். எனவே ஐந்து நாட்களிலும் அவர் உண்பது, கோட்டின் மீது நிற்கும் ஒருவர் உண்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விதிமுறைகள்

அறைகூவலின் முதன்மையான விதிகள் பின்வருமாறு இருந்தன:

- ஐந்து நாட்களுக்கான தொகையை முதல் நாளிலேயே மொத்தமாகச் செலவிடலாம்.
- அரிசி, மாவு, முட்டை போன்றவற்றை முழுப் பொட்டலமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். பொட்டலத்தில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தினாலும் முழு விலையும் கழிக்கப்படும்.
- உப்பு, மிளகு, மசாலாப் பொருட்களுக்கு மட்டும் கிராம் கணக்கில் விலையைப் பகிர்ந்து கொள்ளலாம்.
- வீட்டில் முன்பே இருக்கும் பொருளை விலை கணக்கிடாமல் எடுக்கக் கூடாது.
- தோட்டத்துக் காய்கறிகளை விளைவிக்க ஆன செலவைக் கணக்கிட்டுப் பயன்படுத்தலாம்.
- நண்பர்களிடமிருந்து உணவை இலவசமாகப் பெறக் கூடாது. நன்கொடைப் பணம் பெறலாம்.
- குழாய் நீர் இலவசம்.
- பலர் சேர்ந்து பணத்தை ஒன்றாக்கிப் பொருள் வாங்கலாம்.

முழுப் பொட்டல விதியும் கூட்டாக வாங்கும் விதியும் சேர்ந்து பங்கேற்பாளர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தன. 5 பவுண்டுடன் தனியாகக் கடைக்குச் செல்பவர் சில பொருட்களை மட்டுமே வாங்க முடியும். ஐந்து பேர் சேர்ந்து 25 பவுண்டுடன் சென்றால் எண்ணெய், வெங்காயம், பருப்பு, காய்கறி எனப் பலவற்றை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே தலைக்கட்டுத் தொகையாக இருந்தாலும், தனித்து உண்பவரின் தட்டு வறியதாகவே இருக்கும்.

உணவும் ஊட்டமும்

குறைந்த பணத்தில் வயிற்றை நிரப்ப வேண்டியவர் முதலில் பார்ப்பது, கொடுக்கும் காசுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்பதையே. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 350 கிலோகலோரியும், அதே அளவு எண்ணெயில் ஏறத்தாழ 900 கிலோகலோரியும் உள்ளன. 100 கிராம் வெள்ளரிக்காயில் இருப்பதோ 15 கிலோகலோரி. நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்று ஏறத்தாழ 80 கிலோகலோரி தரும். ஒரு நாளுக்கான 2,000 கிலோகலோரியை ஆப்பிளில் இருந்து மட்டும் பெற 25 பழங்கள் வேண்டும். பணம் குறையும்போது பழமும் காய்கறியும் முதலில் விலகி, தானியமும் எண்ணெயும் சர்க்கரையும் தட்டை நிரப்புவதற்கு இதுவே காரணம். இது அறியாமையால் நிகழ்வதன்று.

எடுத்துக்காட்டாக, ஒரு நாளுக்கு 400 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, 30 கிராம் எண்ணெய் எனக் கொண்டால் ஏறத்தாழ 2,000 கிலோகலோரியும் 50 கிராம் புரதமும் கிடைக்கும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவாக உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. ஆதலால் சோறும் பருப்பும் சேர்ந்த உணவின் புரதம், தனித்தனியே உண்பதைவிடத் தரமானது. ஆயினும் இந்த உணவில் உயிர்ச்சத்து 'ஏ'யும் 'சி'யும் சுண்ணாம்புச் சத்தும் போதிய அளவில் இல்லை.

பங்கேற்றோர் பெரும்பாலும் ஓட்ஸ் கஞ்சி, அரிசி, பாஸ்தா, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றையே நம்பினர். பலரும் முதலில் இழந்தது காப்பியை. நாள்தோறும் காப்பி குடிப்பவர் அதைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி தொடங்குவது வழக்கம். முதலிரண்டு நாட்களில் ஏற்படும் சோர்வில் ஒரு பகுதி பசியால் அன்று, காஃபீன் இல்லாமையால் வருவது.

ஒத்த முயற்சிகள்

ஐக்கிய அமெரிக்காவில் அரசு வழங்கும் உணவு உதவித்தொகையை மட்டும் கொண்டு ஒரு வாரம் உண்ணும் 'ஸ்னாப்' அறைகூவல் இதற்கு நெருங்கியது. நூவர்க் நகர மேயராக இருந்த கோரி புக்கர் 2012 டிசம்பரில் ஏறத்தாழ 30 டாலருடன் ஒரு வாரம் இதை மேற்கொண்டார். நடிகை குவினெத் பால்ட்ரோ 2015இல் 29 டாலருக்கு வாங்கிய பொருட்களின் படத்தை வெளியிட்டபோது, அதில் ஏழு எலுமிச்சைகள் இருந்தது கேலிக்கு உள்ளானது. ஏறத்தாழ நான்கு நாட்களில் தாம் விதியை மீறியதாக அவரே பின்னர் எழுதினார்.

இந்தியாவில் 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் அளித்த பிரமாணப் பத்திரத்தில், நகரத்தில் 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் நாளொன்றுக்குச் செலவிடுபவர் வறுமைக் கோட்டில் இருப்பதாகக் குறிப்பிட்டது. இது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அச்சூழலில் பெங்களூரில் இரு இளைஞர்கள் முதலில் நாளொன்றுக்கு 100 ரூபாயிலும், பின்னர் கேரளச் சிற்றூர் ஒன்றில் 32 ரூபாயிலும் வாழ்ந்து பார்த்தனர்.

ஆத்திரேலியாவின் ஆக்ட் ஃபார் பீஸ் அமைப்பு நடத்திய 'ரேஷன்' அறைகூவலில், பங்கேற்பவர் யோர்தானில் உள்ள சிரிய அகதி ஒருவருக்கு வழங்கப்படும் பங்கீட்டுப் பொருட்களை ஒத்த உணவை ஒரு வாரம் உண்ண வேண்டும். இலங்கைத் தமிழ் அகதிகளிடையே பணியாற்றும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துடனும் இவ்வமைப்பு இணைந்து செயல்பட்டுள்ளது.

திறனாய்வு

இவ்வகை அறைகூவல்கள் வறுமையை விளையாட்டாக்குகின்றன என்னும் குறை எழுந்ததுண்டு. பங்கேற்பவருக்கு ஆறாம் நாள் உண்டு. வறியவருக்கு அது இல்லை. குளிர்பதனப் பெட்டி, எரிவாயு அடுப்பு, தூய குடிநீர், அருகில் பேரங்காடி ஆகியவை பங்கேற்பவருக்கு முன்பே உள்ளன. அவர் கையில் ஐந்து நாள் பணமும் முதல் நாளிலேயே இருக்கிறது. அன்றாடக் கூலிக்கோ வேலை கிடைத்த நாளில் பணம், கிடைக்காத நாளில் ஒன்றுமில்லை. மொத்தமாக வாங்க இயலாமல் சில்லறையாக வாங்குவதால் ஏழைகள் அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் உண்டு.

உடலியல் நோக்கிலும் ஐந்து நாள் போதாது. உயிர்ச்சத்து 'ஏ' கல்லீரலில் பல மாதங்களுக்குச் சேமிக்கப்படுகிறது. இரும்புச் சத்துக் குறைந்து இரத்தச்சோகை உண்டாகவும் நெடுங்காலம் ஆகும். எனவே பங்கேற்பவர் உணர்வது வயிற்றுப் பசியை மட்டுமே. குழந்தைகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் மறைபசியை அவர் உணர வாய்ப்பில்லை.

மற்றொரு குறை அரசியல் சார்ந்தது. ஒரு பவுண்டில் ஐந்து நாட்களைக் கடக்க முடிகிறது என்பதைச் சான்றாகக் கொண்டு, அரசு உதவித்தொகை போதுமானது என வாதிடச் சிலர் முற்படலாம். தாங்கிக்கொள்ள முடிவதும் நலமாக வாழ முடிவதும் ஒன்றல்ல என்பதைப் பரப்புரையாளர்கள் தெளிவாக்க வேண்டியிருந்தது. மாறாக, திரட்டப்பட்ட நிதியும், விலைச்சீட்டைப் பார்த்து ஒரு பொருளைத் திரும்ப வைக்கும் பட்டறிவும் இதன் பயன்கள் என ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

நீரிழிவு நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுவர், உண்ணல் கோளாறு உடையோர் இத்தகைய அறைகூவல்களைத் தவிர்ப்பது நல்லது.

கோட்டின் இன்றைய நிலை

உலக வங்கி பன்னாட்டு வறுமைக் கோட்டை 2015இல் 1.90 டாலராகவும், 2022இல் 2.15 டாலராகவும், 2025 சூனில் 3.00 டாலராகவும் மாற்றியது. அடிப்படை ஆண்டின் விலைகளும் நாடுகளின் தேசியக் கோடுகளும் புதுப்பிக்கப்பட்டதே இம்மாற்றங்களுக்குக் காரணம். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த அறைகூவல்களின் தொகைகளை ஒப்பிடுவோர், அவை எந்த ஆண்டின் கோட்டை அடிப்படையாகக் கொண்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.