விரல் நுனித் தோல்

மேல்விஷாரத்தில் பிறந்தவனுக்குத் தோலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ ஆள் போகாத வீடு குறைவு. என் மாமா தோல் தரம் பிரிப்பவர். மேசைமேல் விரித்த ஆட்டுத்தோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டுவார். இது கையுறைக்கு, இது ஷூவுக்கு, இது உள்துணிக்குப் பதிலாக வைக்கிற லைனிங்குக்கு என்று அடுக்கிக்கொண்டே போவார். "எப்படி மாமா தெரியுது?" என்று கேட்டால், "ரெண்டு வருஷம் பக்கத்துல நில்லு, தெரியும்" என்பார்.

நாற்பது வயதில் கிடார் கற்கப் போனபோதுதான் அந்தப் பதில் எனக்கு விளங்கியது.

முதல் எட்டு மாதம் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் 'கார்டு' பிடிகளின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் பாட்டு நின்றுவிடும், மணிக்கட்டும் வலிக்கும். பிறகு வேலூரில் முப்பது ஆண்டுகளாகச் சொல்லித்தரும் ஒரு மாஸ்டரைத் தேடிப் போனேன். சர்ச் பாடகர் குழுவில் வாசித்து வளர்ந்தவர். "வாசிங்க தம்பி" என்றார். அரை நிமிடம் கேட்டிருப்பார். எழுந்து வந்து, கிடாரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் இடக்கைக் கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கம் நடுவில் இறக்கி வைத்தார். "இப்ப வாசிங்க." மணிக்கட்டின் இறுக்கம் அன்றைக்கே பாதி குறைந்தது. வீடியோவில் வந்தவர்கள் எல்லாரும் தங்கள் கையைத்தான் காட்டினார்கள். என் கையைப் பார்த்த முதல் ஆள் இவர்.

அனுபவமுள்ள ஆசிரியரிடம் இருக்கிற செல்வம் இந்தப் பார்வைதான் என்று நான் நம்புகிறேன். கிடாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். நடுவில் அழுத்தினால் தந்தி இரையும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் இன்று உன் சுண்டுவிரல்தான் தப்பு செய்கிறது, மற்றவை சரி என்று சொல்ல, நூறு கைகளைப் பார்த்த கண் வேண்டும். ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரலாலேயே படுக்கையாக அழுத்தும் 'எஃப்' கார்டில் பலர் கிடாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். எங்கள் மாஸ்டர் முதலில் மெல்லிய இரண்டு தந்திகளை மட்டும் அழுத்தச் சொன்னார். ஆறுக்கு வர நான்கு மாதம் ஆனது. தினமும் இருபது நிமிடம் வாசி, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் வேண்டாம் என்பது அவர் கட்டளை.

இப்படி ஒரு அறையில், ஒரு ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து கற்றதன் பலனைத் தமிழ்நாடு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 1968-இல் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். இசைக்குறிப்பு எழுதுவது, சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, எல்லாம் அங்கேதான். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வரும்வரை மற்றவர்களின் இசைக்குழுவில் கிடார் வாசித்தார். ஏ.ஆர். ரஹ்மானும் அதே மாஸ்டரிடம் படித்தவர். இரண்டு மாணவர்களின் பாட்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. தன் சாயலை அவர்கள்மேல் ஏற்றாத அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

கிடார் எடுக்கும் தமிழர் எல்லாருக்கும் முதல் ஆசை 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டுத்தான், எனக்கும்தான். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக அதில் கிடார் வாசித்தவர் சந்திரசேகர். மாஸ்டரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. முதல் நான்கு சுரங்களை மட்டும், அதுவும் மிக மெதுவாகத் தந்தார்.

தந்தியைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் ஊர்க்காரனான என்னைப் பிடித்து நிறுத்தியது. 1940-கள் வரை செவ்வியல் கிடாரின் மெல்லிய தந்திகள் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தவை. போர்க்காலத்தில் குடல் நூல் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்தார். ஸ்பெயினின் பெரும் கலைஞர் செகோவியா அதை ஏற்று வாசித்தார். தோல் எங்களிடம் வந்த ஆட்டின் குடல், எங்கோ ஓர் இசைக்கூடத்தில் பாடியிருக்கலாம். இதை மாமாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

புதிதாகக் கற்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வாசிப்பதைக் கேட்டு மயங்காதீர்கள். அவரிடம் இரண்டு வருடம் படித்த பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் வாரத்திலேயே முழுப் பாட்டு தருகிறேன் என்பவரைவிட, நகத்தை வெட்டிக்கொண்டு வா, நேராக உட்கார் என்று தொடங்குபவரை நான் நம்புவேன். தொடக்கத்தில் நைலான் தந்தி போதும். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்குமேல் இழுக்கும். புது விரல் அதைத் தாங்காது.

வலி மூன்றாவது வாரத்தில்தான் உச்சத்துக்கு வந்தது. பிறகு நுனிகள் மெல்ல மெல்லக் காய்த்தன. இப்போதும் வகுப்புக்குப் போனதும் மாஸ்டர் முதலில் என் இடக்கையை வாங்கி, ஒவ்வொரு விரல் நுனியையும் தன் கட்டைவிரலால் ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். அந்த வாரம் நான் எத்தனை நாள் வாசித்தேன் என்று வாயைத் திறந்து கேட்பதே இல்லை.