பூஞ்சைக்கும் பாருங்கள் டாக்டர்

சோறு இறங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், மூணாறு லயத்திலும் சரி, கொழிஞ்சாம்பாறைத் தெருவிலும் சரி, "காஸ்" என்றுதான் முதலில் சொல்வோம். மெடிக்கலில் ஓர் அட்டை மாத்திரை வாங்கி நாளைக் கடத்துவோம். சுகர் கட்டுக்கடங்காதவர், ஸ்டீராய்டு எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யாரும் அப்படிக் கடத்தக் கூடாது. அது உணவுக்குழாயில் படர்ந்த கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். எண்டாஸ்கோபியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஃப்ளூகோனசோல் இரண்டு மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் தீரும். மலப் பரிசோதனையில் மட்டும் கேண்டிடா வந்தால் பயம் வேண்டாம். நலமான குடலிலும் அது உண்டு. அதைக் காட்டி "குடல் சுத்திகரிப்பு" விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

குடலுக்குள் ஊடுருவும் பூஞ்சைகள்தான் வேறு நோயின் வேடத்தில் வருகின்றன. வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா தூசியோடு நுரையீரலுக்குப் போய், சிலருக்குக் குடல்வரை பரவும். காய்ச்சல், மெலிவு, சிறுகுடல் முடியும் இடத்தில் புண் என எல்லாமே குடல் காசநோய் போலவே இருக்கும். தவளை, பல்லியின் குடலிலும் மட்கிய இலையிலும் வாழும் பசிடியோபோலஸ், வயிற்றில் கட்டியாகி, புற்றுநோய் என்றோ குரோன் என்னும் குடல் அழற்சி நோய் என்றோ எண்ண வைக்கும். இது அரிது. ஆனால் குரோன் என்று ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் பூஞ்சை இன்னும் பரவும்.

காசநோய் மிகுந்த நாட்டில் மருத்துவர் அதை முதலில் நினைப்பது தவறில்லை. கிருமி உறுதிப்படாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, இரண்டு மாதமாகியும் உடம்பு தேறவில்லையா? மறுபடி கேளுங்கள்.

பயாப்சிக்குத் திசு எடுக்கும் முன்பே கேட்க வேண்டியதும் இருக்கிறது. திசு வழக்கமாக ஃபார்மலின் பாட்டிலில் போகிறது. அதில் பூஞ்சை செத்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க முடியாது. வளர்க்க வேண்டுமானால் இன்னொரு துண்டு சலைனில் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஃபார்மலின் திசுவிலும் பி.ஏ.எஸ்., ஜி.எம்.எஸ். சாயங்கள் போட்டால்தான் பூஞ்சை தெளிவாகத் தெரியும். "பூஞ்சைக்கும் பாருங்கள் டாக்டர்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

கேரள-தமிழக எல்லைக்காரர்களான நாம் கோவையிலோ தேனியிலோ ஸ்கோப் செய்துகொண்டு பாலக்காட்டிலோ இடுக்கியிலோ வைத்தியத்தைத் தொடர்கிறோம். நடுவில் காகிதம் தொலைகிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கிறது மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதி. அறிக்கையோடு ஸ்லைடையும் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். மறுபடி ஸ்கோப் போடாமலே வேறு ஆய்வகம் அதில் பூஞ்சைச் சாயம் போட்டுப் பார்க்க முடியும். காசநோய் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்: ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்தான இட்ராகோனசோலின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும்.

பதிவேடு தர மறுத்தாலோ சிகிச்சையில் குறை இருந்தாலோ புகார் கொடுங்கள்; மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று அதைக் கைவிட வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இன்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது.