நேப்பிள்ஸ்ல கப்பல் நிக்குது: ரயிலா, பஸ்ஸா, படகா?

சம்பளத்துல சேர்த்து வெச்சு மெடிட்டரேனியன் குரூஸ் புக் பண்ணியாச்சு. கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ்ல ஒரு பகல்தான் நிற்கும். கப்பல் கம்பெனி டூர் எடுக்கணுமா, நாமளே கிளம்பணுமா? டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

ரயில்: கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய்க்கு, கரிபால்டி ஸ்டேஷன்ல இருந்து லோக்கல் ரயிலில் சுமார் 40 நிமிஷம். டிக்கெட் 5 யூரோவுக்குள்ள. ஸ்டேஷன் பக்கத்துலயே நுழைவாயில். கூட்டம் நெரியும், பர்ஸ் பத்திரம்!

படகு: காப்ரி தீவுக்கு அதிவேகப் படகில் சுமார் 50 நிமிஷம். போகவே 20 யூரோவுக்கு மேல, திரும்ப வர தனி டிக்கெட். கடல் கொந்தளிச்சா படகு ரத்து.

பஸ்: அமால்ஃபி கடற்கரைக்குக் குறுகலான, வளைவான மலைச்சாலை. சீசன்ல டிராஃபிக் நகராது.

இப்போ உண்மையான கணக்கு. கப்பல் டூர் லேட்டானா, பொதுவா கப்பல் காத்திருக்கும்; இல்லைன்னா கம்பெனியே உங்களை அடுத்த துறைமுகத்துல சேர்க்கும். நீங்களா போய் லேட்டானா கப்பல் கிளம்பிடும். ஹோட்டல், அடுத்த ஊருக்கு டிக்கெட், எல்லாமே உங்க பாக்கெட்ல இருந்துதான்.

அதனால ஒரே கேள்வி: "இது நின்னுபோச்சுன்னா திரும்ப வேற வழி இருக்கா?" பாம்பேய்ல ரயில் நின்னா டாக்ஸி இருக்கு, அங்கே தனியா போங்க, மிச்சம் பண்ணுங்க. காப்ரிக்கும் அமால்ஃபிக்கும் கப்பல் டூரே எடுங்க. அந்தக் கூடுதல் காசு செலவில்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியம்!

எப்படிப் போனாலும், கப்பல் ஏறச் சொன்ன நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னாடியே துறைமுகத்துல இருங்க.