கண்ணில் படாத கடல்பசுவுக்கு ஒரு காட்சி மையம்

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் தண்ணீர் பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், மோகனூர் என்று நாமக்கல் கரையை ஒட்டியே ஓடிக் கல்லணைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கல்லணைக் கால்வாயில் இறங்கும். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் வந்தது என்பதால், தஞ்சைப் பக்கத்தில் இன்றும் அதற்குப் 'புது ஆறு' என்றே பெயர். பட்டுக்கோட்டை, பேராவூரணி வயல்களில் பாய்ந்த பிறகு எஞ்சும் நீர் பாக் விரிகுடாப் பக்கம் வடிகிறது.

அந்தக் கரையில்தான், மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோராவில், சர்வதேச கடல்பசு பாதுகாப்பு மையம் அமைக்கத் தமிழக அரசு திட்டமிட்டிருக்கிறது. சேலத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாளை சுற்றுலாப் பேருந்தில் அங்கே போய் இறங்கினால் எதைப் பார்ப்பார்கள்? கேள்வி எளிது, விடைதான் கட்டடக் கலைஞரைத் திணறடிக்கும். ஏனென்றால் கடல்பசு கண்ணில் படாது. மூச்சு விடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டிவிட்டு மூழ்கிவிடும். கரையோர மீனவர்கள் 'ஆவுளியா' என்று அழைக்கும் இந்த விலங்கு, இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 240 மட்டுமே மிஞ்சியிருப்பதாக அரசு சொல்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதல் கடல்பசுக் காப்பகம் இதுதான்.

தொட்டியில் வளர்த்துக் காட்டலாமே என்று தோன்றும். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும், சில ஆண்டுகளுக்கு ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கைக் கண்ணாடிக்குள் அடைப்பது பாதுகாப்பு மையம் செய்கிற வேலையில்லை. ஃபைபரில் பெரிய பொம்மை ஒன்றை வாசலில் நிறுத்தினால் செல்ஃபிக்குக் கூட்டம் சேரும், அவ்வளவுதான்.

காட்ட வேண்டியது புல்லை. கடற்புல் பாசி வகை கிடையாது. வேர், இலை, பூ எல்லாம் உள்ள நிலத்துச் செடியின் உறவு. வெயில் எட்டும் ஆழமில்லாத கடலில்தான் வளரும். கலங்கல் கூடினாலோ இழுவலை அடியை வாரிப் போனாலோ அழிந்துவிடும். காப்பகத்துக்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் வெளி இருக்கிறது. நண்டும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடமும் அதுவே. கடல்பசு மேய்ந்த இடத்தில் ஏர் உழுத சால்போல நீளத் தடம் கிடக்கும். விலங்கு வராத நாளிலும் அந்தத் தடத்தின் படத்தைக் காட்டலாம், கடற்புல்லைக் கையில் தொட்டுப் பார்க்கவிடலாம்.

டென்மார்க்கில் ரீபே நகருக்கு அருகே 2017-இல் திறந்த வாடன் கடல் மையத்துக்கும் இதே சிக்கல்தான்: நினைத்த நேரத்தில் வந்து நிற்காத வலசைப் பறவைகள், சேற்று வெளி. கட்டடக் கலைஞர் டோர்த்தே மாண்ட்ரூப் அதன் கூரையையும் சுவரையும் உள்ளூர் நாணலால் வேய்ந்தார். உள்ளே கண்காட்சியைப் பார்த்து முடித்தவர்களை வழிகாட்டிகள் அலை வற்றிய சேற்றுக்கே நடத்திக் கூட்டிப் போகிறார்கள். பூம்புகாரில் 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இதற்கு நேர் எதிர். சிற்பங்கள் அருமை, ஆனால் பக்கத்திலேயே இருக்கும் கடலுக்கு அந்தக் கதையில் வேலை இல்லை, பார்த்துவிட்டு வெளியே வந்து காற்று வாங்குவதோடு சரி.

மனோராவில் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கரையில் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து உயர் அலைக்கோட்டிலிருந்து 50 அல்லது 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கிறது. இன்னொன்று புயல். 2018 நவம்பர் 16-இல் வந்த கஜா, பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-இல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. அதோடு உயரத்தில் போட்டி போடாமல், தாழ்வாக, காற்றுக்கு முதுகு காட்டி உள்தள்ளி நிற்கும் கட்டடமே பொருத்தம். கரைக்குப் போக ஒரு நடைபாதை போதும்.

உள்ளே யார் பேசுவது என்பது கட்டடத்தைவிட முக்கியம். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. வலையை அறுத்து அதை வெளியே தள்ளியவரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கமாட்டார். ஆள் கிடைப்பதும் கடினமில்லை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான்.