பேண்டு வாத்தியமும் புதிய குடும்பங்களும்

கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் மாணவர் சேர விரும்புகிறார், பெற்றோர் ஒப்பமிட வேண்டும் என்பது அதன் செய்தி. தாள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, முதலமடை போன்ற பாலக்காட்டு எல்லையூர்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அதைப் படித்துச் சொல்பவர் அந்தப் பிள்ளையே. அனுமதி கேட்பவரும் அதை மொழிபெயர்ப்பவரும் ஒருவராக இருப்பதால், பெற்றோருக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழுகிறது.

ஐயத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். தமிழில் 'பேண்டு வாத்தியம்' என்றவுடன் திருமண ஊர்வலமும் இறுதி ஊர்வலமும் நினைவுக்கு வருகின்றன. "படிக்க அனுப்பினால் மேளம் அடிக்கவா போகிறாய்?" என்று தந்தை கேட்பது அதனால்தான். ஊர்வலத்தில் வாசிப்பதும் உழைத்துப் பெற்ற திறமையே. அதில் இழிவு ஏதும் இல்லை. தோற்கருவி வாசிப்போரைத் தாழ்வாக எண்ணிய பழக்கம் பிழையானது. ஆயினும் பள்ளி இசைக்குழுவின் நோக்கம் வேறு. கூலிக்கு வாசிப்பதற்காக அது அமைக்கப்படுவதில்லை. விடுதலை நாள், குடியரசு நாள், விளையாட்டு விழா ஆகியவற்றில் அணிவகுப்பை நடத்துவதும், போட்டிகளில் பள்ளியின் சார்பில் வாசிப்பதும் அதன் வேலைகள். 1957இல் எறணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழாவில் இன்று பேண்டு மேளமும் ஒரு போட்டியாக இருக்கிறது. தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலும் அதே விழாவில் ஒரு போட்டி என்பதை எல்லையோரத் தமிழ் மாணவர் அறிந்திருப்பது நல்லது.

இசைக்குழுவில் இருவகைக் கருவிகள் முதன்மையானவை. சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல் என்பன தாளத்துக்கு உரியவை. பியூகிள், டிரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம் முதலியன காற்றால் ஒலிப்பவை. சில பள்ளிகளில் இவற்றுக்கு மாற்றாக, பை பொருத்திய குழலான பேக்பைப் உண்டு. பாலக்காட்டுக் கோயில் விழாக்களில் பஞ்சவாத்தியம் கேட்ட பிள்ளைக்கு இவை முற்றிலும் அயலானவை அல்ல. இலத்தாளம் சிம்பலுக்கு உறவு. கொம்பு டிரம்பெட்டுக்கு உறவு. பஞ்சவாத்தியக் கலைஞர் எதிரெதிர் வரிசைகளாக நின்று ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கின்றனர். பேண்டில் வாசிப்போரோ முன்னால் செல்பவரின் முதுகை மட்டுமே பார்த்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கடினம் அங்கேதான் தொடங்குகிறது.

விரைநடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் எடுத்துவைக்க வேண்டும். ஓர் அடியின் நீளம் 30 அங்குலம். பேஸ் டிரம்மின் வலுவான அடி விழும்போது எல்லாருடைய இடக்கால்களும் தரையைத் தொட வேண்டும். வரிசையின் முன்னே நீண்ட கோலுடன் செல்பவர் டிரம் மேஜர். அவருடைய கோல் அசைவே தொடங்கு, திரும்பு, நில் என்னும் ஆணைகளாக அமைகிறது. பயிற்சித் திடலில் ஆணைகள் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒலிக்கும். 'சாவதான்' என்றால் நேராக நில். 'விஷ்ராம்' என்றால் இளைப்பாறு. 'கதம் தால்' என்றால் நின்ற இடத்திலேயே கால் மிதி. 'தேஜ் சல்' என்றால் விரைந்து நட. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், திடலில் இந்தி என்று மூன்று மொழிகளுக்கிடையே ஓடும் பிள்ளை முதல் வாரத்தில் தவறாகத் திரும்புவதில் வியப்பில்லை. சொல்லின் பொருளை முன்னரே சொல்லிக்கொடுத்தால் அந்தத் தவறு இரண்டு நாளில் மறையும்.

சேர்ந்த முதல் நாளிலேயே கருவி கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. தொடக்கத்தில் நடைப்பயிற்சி மட்டுமே நடக்கும். டிரம் கற்போர் ரப்பர் பலகையிலோ மேசையிலோ குச்சிகளால் தட்டிப் பழகுவர். வலம், இடம், வலம், வலம். இடம், வலம், இடம், இடம் என்று கைமாறும் பயிற்சிக்குப் 'பாரடிடில்' என்று பெயர். மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் 'தகதிமி' என்று வாயால் சொல்லிப் பழகுவதைப் போன்றதே இது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பெயரிலேயே விளங்கும் மாவட்டத்தில் இந்த ஒப்புமையை எளிதில் விளக்கலாம். குழல் வாசிப்போருக்கு முதல் மாதம் இன்னும் சோதனையானது. ஊதினால் காற்று மட்டும் வரும், உதடு வலிக்கும், அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். பலர் விலகுவது இந்தக் காலத்தில்தான். 'பிள்ளைக்கு வரவில்லை' என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில் உதட்டுத் தசைகள் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

இந்த இசை தமிழருக்குப் புதியதும் அன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேலைநாட்டுக் கருவிகளைக் கொண்ட இசைக்குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர், சென்னைப் பகுதியில் கேட்ட ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் அமைத்தார். அவை 'நோட்டுசுவர சாகித்தியம்' எனப்படுகின்றன. தோட்டத் தமிழரின் பேச்சிலும் அணிவகுப்பு ஒளிந்திருக்கிறது. இலங்கை மலையகத்தில் தொழிலாளர் விடியற்காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் நிகழ்வுக்குப் 'பெரட்டு' என்று பெயர். 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். தப்பு முழக்கி அவர்களை எழுப்பிய காலமும் உண்டு. அந்த முழக்கம் வேலைக்கு அழைத்தது. பள்ளித் திடலின் முழக்கம் விருப்பத்தோடு வரச் சொல்கிறது.

இன்றும் பல இசைக்குழுக்கள் வாசிக்கும் 'கதம் கதம் படாயே ஜா' இந்திய தேசிய இராணுவத்தின் நடைப்பாட்டு. அதன் மெட்டை அமைத்தவர் ராம் சிங் தாக்கூரி. அந்தப் படையின் ஜான்சி ராணிப் பிரிவு 1943இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த பெண்களுள் மிகப் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் மகள்கள் அந்த மெட்டுக்கு அடி வைத்து நடந்தனர். பிரிவின் தலைவி கேப்டன் லட்சுமி. அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன், பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர்.

வரலாறு சிறந்ததாயினும் பேருந்தைப் பிடித்துத் தராது. குடும்பங்களின் உண்மையான தடைகள் மூன்று: நேரம், செலவு, பாதுகாப்பு. மூணாற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு மாலைக்குப் பின் வண்டிகள் குறைவு. பனி இறங்கும்; காட்டு யானைகள் சாலைக்கு வருவதும் உண்டு. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் பயிற்சி என்பது நகரத்துப் பிள்ளைக்குச் சிறு செய்தி. கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் எஸ்டேட் பிள்ளைக்கு அது பெரிய கேள்வி. பெண்பிள்ளையாயின் வீட்டில் கவலை இரட்டிப்பாகும். ஆகவே பயிற்சியைக் காலையிலோ மதிய இடைவேளையிலோ வைக்க முடியுமா என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்பது பெற்றோரின் உரிமை. அதற்கு மலையாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லையோரப் பள்ளிகளில் தமிழ் புரிந்த ஆசிரியர் பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் மூவர் சேர்ந்தால் ஜீப்புச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

செலவைப் பற்றியும் தாளில் ஒப்பமிடும் முன்பே கேட்டுவிட வேண்டும். கருவி பள்ளியுடையதா, சீருடை யாருடையது, பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்விகளில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு படித்தவர்களின் சீருடையைத் தைத்துத் திருத்தி அணியலாம். வாய்வைத்து ஊதும் பகுதியை மட்டும் ஒவ்வொருவரும் தனியே வைத்துக்கொள்வது நலம். பகிர்ந்தால் சளியும் காய்ச்சலும் எளிதில் பரவும். மலைப்பகுதியின் ஈரத்தில் பித்தளை களிம்பேறும், தோல் போர்த்திய டிரம் தளர்ந்துபோகும். வாசித்து முடித்தவுடன் துடைத்து வைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இத்தகைய குழுக்களுக்கெனப் பெற்றோர் சங்கங்கள் இயங்குகின்றன. தண்ணீர் சுமப்பது, பொத்தான் தைப்பது, புதிதாக வந்த குடும்பத்துக்கு வழிகாட்டுவது எல்லாம் அவற்றின் பணி. எல்லையூர்களில் அவ்வளவு அமைப்புத் தேவையில்லை. சென்ற ஆண்டு தன் மகளை அனுப்பிய ஓர் அக்கா, இந்த ஆண்டு அனுப்பத் தயங்கும் வீட்டின் வாசலில் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால் போதும். வெயிலில் நிற்கும் நாளில் காலையுணவைத் தவிர்க்கக் கூடாது, காலுறை தடிப்பாக இருக்க வேண்டும், தேர்வுக்கு முந்திய வாரங்களில் பயிற்சியைக் குறைக்குமாறு கேட்கலாம் என்பன போன்ற செய்திகள் எந்தத் தாளிலும் அச்சாவதில்லை.

ஆகஸ்டு 15 அன்று காலையில் பெற்றோர் திடலின் ஓரத்தில் நிற்கின்றனர். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொப்பியும் ஒரே சட்டையும் அணிந்திருப்பதால், தம் பிள்ளை யார் என்று உடனே தெரிவதில்லை. பேஸ் டிரம் ஒருமுறை அதிர்கிறது. வரிசை முழுவதும் இடக்காலை முன்வைக்கிறது. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நடக்கும் பெண் கிளாரினெட்டை உதட்டுக்கு உயர்த்தும்போதுதான், அந்த விரல்களை அவளுடைய தாய் அடையாளம் காண்கிறாள்.