தரகர் வேண்டாம் என்று பலகை மாட்டும் முன்

மதுரையில் எந்தக் குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு கேட்டில் 'வீடு விற்பனைக்கு, தரகர்கள் அணுக வேண்டாம்' என்ற பலகை தொங்கும். எழுத்து வெளுத்த பிறகும் சில பலகைகள் இறங்குவதில்லை. தரகர் மூன்று வேலை செய்கிறார்: விலை சொல்கிறார், ஆள் கூட்டி வருகிறார், இரண்டு பேருக்கும் நடுவில் பேசுகிறார். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் 1,20,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க நினைப்பவர் அந்த மூன்று வேலைக்கும் வழி பார்த்துவிட்டுத்தான் பலகைக்கு ஆணி தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் பத்திரக்கட்டு. இன்று வீடு வாங்குபவர்களில் பலர் வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். அதனால் வீட்டைப் பார்ப்பவர் வாங்குபவர், காகிதத்தைப் பார்ப்பவர் அவருடைய வங்கியின் வக்கீல். தாய்ப்பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது எல்லாவற்றிலும் பெயரும் அளவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நீங்களே முதலில் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில், பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு, 1975 முதலான வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம்.

பலர் திடுக்கிடுவது இந்த இடத்தில்தான். வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்தாயிற்று, கதை முடிந்தது என்று இருப்பார்கள். கடன் வாங்கியபோது பதிவான அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வங்கி ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தால்தான் அது தீரும். அந்த வங்கிக் கிளை இடையில் வேறு கிளையோடு இணைந்திருந்தால் அலைச்சல் இரண்டு மடங்கு. ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக நிற்கும்போது இதைத் தொடங்கினால், அவர் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்பா பெயரிலேயே நிற்கும் வீடு இன்னொரு சிக்கல். இந்துக் குடும்பத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. கல்யாணமாகி வெளியூர் போன அக்காவும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 'அக்கா ஒண்ணும் சொல்லாது' என்ற வாக்குறுதி வக்கீலிடம் செல்லாது.

புறநகர்ப் பகுதிகளில் மனைக்கு அப்ரூவல் உண்டா என்பதே முதல் கேள்வி. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த இடங்களில் பஞ்சாயத்துக் காலத்து மனைகள் நிறைய. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு வழி செய்தது. அப்படி வரன்முறை செய்த ஆணை உங்களிடம் இருந்தால் கட்டின் மேலேயே வையுங்கள்.

அடுத்தது விலை. நம் ஊரில் 'சென்ட் என்ன போகுது?' என்றுதான் பேச்சு தொடங்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வாங்குபவர் மண்ணுக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாகக் கணக்குப் போடுவார். கட்டடம் ரொம்பப் பழையது என்றால் மண் விலை மட்டும்தான். தேக்கு நிலை, ஆத்தங்குடிக் கல் என்று நீங்கள் உருகுவது அவர் கணக்கில் ஏறாது. பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால், எந்த வருடம் என்ன கைமாற்றுத் தொகைக்குப் பதிவானது என்று தெரியும். பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கம் இருப்பதால் அதை அடிமட்ட விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் சமீபத்தில் விற்றவரையும் வாங்கியவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் சொல்வதற்கு நடுவில் உண்மை இருக்கும். அரசு வழிகாட்டி மதிப்பையும் பார்த்து வையுங்கள். வாங்குபவர் முத்திரைத்தீர்வை 5, மாற்றுத்தீர்வை 2, பதிவுக்கட்டணம் 2 என 9 சதவீதம் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு அது 5,40,000 ரூபாய். அவர் பேரம் பேசும்போது அந்தத் தொகையும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் வீடு உள்ளவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்துக்கு 9 மீட்டர் வரம்பு உண்டு. இடித்துவிட்டு லாட்ஜ் கட்டும் கனவோடு வருபவருக்கு முதல் நாளே இது தெரிந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

விளம்பரத்தை வாசலிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். மகனுக்கு, மகளுக்கு என்று ஒட்டிய இடத்தைத் தேடுபவர் அவராகவே இருக்கலாம். அவரைப்போல் விலை கொடுக்க வேறு யாருக்கும் மனம் வராது. தெருமுனை டீக்கடை, மளிகைக்கடை, இஸ்திரி வண்டிக்காரர் காதில் போட்டு வையுங்கள். பிறகு பலகை, நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரம், இணையத் தளங்கள், வாட்ஸ்அப் குழுக்கள். வரியில் வர்ணனை வேண்டாம். 'திருநகர், கிழக்கு பார்த்த தனி வீடு, 4 சென்ட், 30 அடி ரோடு, 2 பெட்ரூம், கார் நிறுத்தலாம், மாநகராட்சித் தண்ணீர், போர், லோன் கிடைக்கும் பத்திரம், விலை இத்தனை லட்சம், உரிமையாளர்' என்று இருந்தால் போதும். விலையைப் போடாவிட்டால் வருகிற அழைப்பில் பாதி விலை விசாரிக்க மட்டுமே வரும். இதற்கென்று தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள்; தரகர்கள் எப்படியும் கூப்பிடுவார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் அட்வான்ஸ் போட மாட்டார்கள். ஆடிக் கடைசியில் விளம்பரம் கொடுத்தால் ஆவணிக்குப் பேச்சு சூடு பிடிக்கும். சித்திரைத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் வருபவர்களும் நல்ல வாடிக்கை.

இணையத்தில் போட்டதும், வீட்டையே பார்க்காமல் 'டோக்கன் அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்று ஒருவர் வரக்கூடும். பணம் வாங்க ஸ்கேன் செய்யத் தேவையில்லை. போனை வைத்துவிடுங்கள். பத்திர நகலையும் கேட்டவர்க்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வீட்டை நேரில் பார்த்து விலையும் ஒத்து வந்தவருக்குக் கொடுத்தால் போதும்.

வீடு காட்டுவதற்குக் காலை நேரம் நல்லது. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒழுகும் குழாயையும் சுவர் ஓதத்தையும் சரி செய்யுங்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் 'எதையோ மறைக்கிறார்' என்று சந்தேகம்தான் வரும். தண்ணீரைத் திறந்து காட்டுங்கள், ஒரு வாய் குடித்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரம்தான் கடினமான கட்டம், தரகருக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இதற்குத்தான். 'அண்ணே, கடைசியா எவ்வளவுக்கு முடிச்சுத் தருவீங்க?' என்று முகத்துக்கு நேரே கேட்கும்போது வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், அல்லது வெட்கப்பட்டு வாய் தவறிக் குறைத்துவிடுவார். 'இந்தப் பழைய வீட்டுக்கா இவ்வளவு?' என்ற வார்த்தை அந்த வீட்டில் பிள்ளை வளர்த்தவருக்கு வலிக்கும். அதனால் பேச்சை மைத்துனரிடமோ மருமகனிடமோ விட்டுவிடுங்கள். நிதானமானவராக இருக்க வேண்டும், உங்கள் அடிமட்ட விலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று அவர் எழுந்து வர முடியும். நீங்களே உட்கார்ந்திருந்தால் அந்த வழி கிடையாது.

விலை முடிந்தால் கிரய ஒப்பந்தம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இதைப் பதிவு செய்வது கட்டாயம். கடன் வர அவகாசம் வேண்டுமென்பதால் மூன்று மாதம் கெடு வைக்கலாம். ஒப்பந்தம் முறிந்தால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பணம் முழுக்க வங்கி வழியாகவே வரட்டும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகையளவு அபராதம் வரும். 'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' பேசுபவரை விட்டுவிடுவதே நல்லது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரிப் பிடித்தம் செய்வார். உங்கள் பான் கணக்கில் அது ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு நாளில் டோக்கன், இரண்டு சாட்சிகள், கைரேகை, போட்டோ. முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். மீதித்தொகை டிராஃப்டாகக் கையில் வந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, லாபத்துக்கு வரி உண்டு. வைத்திருந்த காலம் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் வரி 12.5 சதவீதம்; 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கும் போட்டு, குறைந்ததைக் கட்டலாம். இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆடிட்டரை ஒப்பந்தம் போடும் முன்பே போய்ப் பாருங்கள்; கிரயம் முடிந்தபின் போனால் அவராலும் செய்ய முடிவது கொஞ்சம்தான்.