தோற்றவர் எழுந்து ஆடிய ஆட்டம்



"செஸ் ஆடுறவங்க பேர் ஒண்ணு சொல்லு" என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஆனந்த் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குகேஷ், பிரக்ஞானந்தா என்பார்கள். சரி, அந்தப் பிரக்ஞானந்தா யாரைப் பார்த்து செஸ் கற்றுக்கொண்டார் தெரியுமா? தன் அக்கா வைஷாலியைப் பார்த்து!

வைஷாலி பிறந்தது சென்னையில், 2001 ஜூன் 21 அன்று. அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர், அம்மா நாகலட்சுமி. பெண் எந்நேரமும் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். டி.வி. போனது, பட்டங்கள் வந்தன! 2012-ல் 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம், 2015-ல் 14 வயதுக்குட்பட்டோர் பட்டம். 2013-ல் சென்னைக்கு வந்த மாக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலருடன் ஆடியபோது, அவரையே தோற்கடித்தார் இந்தப் 12 வயதுச் சிறுமி.

இங்கே ஒரு விளக்கம் தேவை. 'பெண் கிராண்ட் மாஸ்டர்' என்பது பெண்களுக்கான தனிப் பட்டம். அதற்கு 2300 ரேட்டிங் போதும். இந்தியாவில் இதை முதலில் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த சு. விஜயலட்சுமி. அது வைஷாலி பிறந்த அதே 2001-ல்! வைஷாலி இதை 2018-ல் பெற்றார். ஆனால் 'கிராண்ட் மாஸ்டர்' என்பது ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல். 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். அதோடு பலமான போட்டிகளில் 2600 தரத்துக்கு ஆடி மூன்று 'நார்ம்' எடுக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. ஹம்பி, ஹரிகா இருவருக்குப் பிறகு மூன்றாவது இந்தியப் பெண்ணாக, 2023 டிசம்பரில் ஸ்பெயினில் வைஷாலி 2500-ஐத் தொட்டார். உலகிலேயே அக்கா, தம்பி இருவரும் கிராண்ட் மாஸ்டர் ஆனது அதுவே முதல் முறை.

இதெல்லாம் பேப்பரில் வந்த செய்திதான். நாம் கவனிக்க வேண்டியது வேறு.

2024 ஏப்ரல். கனடாவின் டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. உலக சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி இது. எட்டுப் பேர், 14 சுற்று. ஆறாவது சுற்றிலிருந்து ஒன்பதாவது சுற்று வரை வைஷாலிக்குத் தொடர்ந்து நான்கு தோல்வி! ஒன்பது ஆட்டத்தில் வெறும் 2½ புள்ளி. நமக்கு நாலு பேப்பர் வரிசையா ஊத்திக்கிட்டா என்ன செய்வோம்? "அவ்வளவுதான்டா" என்று புத்தகத்தை மூடிவிடுவோம். வைஷாலி மீதியிருந்த ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தார்! மொத்தம் 7½ புள்ளி. முதலிடம் 9 புள்ளி எடுத்த சீனாவின் டான் ஜோங்கிக்குப் போனது. ஆனால் இரண்டாம் இடத்துக்குச் சமமாக வந்து நின்ற மூவரில் வைஷாலியும் ஒருவர்.

அதோடு கதை முடியவில்லை. 2025 ஆகஸ்டில் சொந்த ஊரான சென்னையில் நடந்த போட்டியில் ஒன்பது ஆட்டத்தில் 1½ புள்ளிதான். அதில் வரிசையாக ஏழு தோல்வி. அடுத்த மாதமே உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் போட்டி. போகலாமா, வேண்டாமா என்றுகூட யோசித்தாராம். போனார். 11 சுற்றில் 8 புள்ளி, முதலிடம்! 2023-லும் அந்தப் பட்டம் அவருக்குத்தான்.

செஸ்ஸில் போன ஆட்டத்தின் காய்கள் அடுத்த ஆட்டத்துக்கு வராது. இரண்டு பக்கமும் மறுபடி 16 காய்கள்தான். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, அடுத்த செமஸ்டரும் அப்படித்தான்!

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தபோது கேலி பேசியவர்கள் உண்டு. பெண்கள் அதைக் காதில் வாங்காமல் பெடலை மிதித்தார்கள். சதுரங்கப் பலகை முன்னாலும் அப்படித்தான் உட்கார வேண்டும். காய்களுக்கு ஆண், பெண் தெரியாது. அந்தப் பலகையில் வலிமை மிகுந்த காயே ராணிதானே!